கடைத்துணி மாதிரியே

அந்த ட்ரையல் ரூமின் கதவு தரையைத் தொடவில்லை. கீழே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியே எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ மேனேஜருடையது. குதிகால் உயர்ந்த செருப்பு கடைப்பெண்ணுடையது. இரண்டுக்கும் நடுவில், சுவரோடு ஒட்டினாற்போல, என் சித்தியின் நீல ரப்பர் செருப்பு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஷிம்மியும் லெகிங்ஸும் மட்டுமாக, ட்யூஷன் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தேன். என் குர்த்தா அந்தப் பக்கம் அவர்கள் கையில் இருந்தது. அதை நான் அந்தக் கடையிலிருந்து திருடிப் போட்டுக்கொண்டேன் என்பது அவர்கள் கட்சி. சித்தி தன் கையால் தைத்தது என்பது எங்கள் கட்சி. எங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை.

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் இன்றும் கொல்கத்தாவில்தான் இருக்கிறேன். சம்பாதிக்கிறேன், வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ட்ரையல் ரூமில் கழற்றிய என் துணியை ஆணியில் மாட்டமாட்டேன். தோளில் போட்டுக்கொண்டுதான் புதியதை அளவு பார்ப்பேன். வாசலில் காவலாளி கேட்பதற்கு முன்பே பில்லை நீட்டிவிடுவேன். கூட வரும் சிநேகிதிகள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அவர்கள் ஒரு கதவுக்குப் பின்னால் அப்படி நின்றவர்கள் இல்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் கல்யாணம் ஆன கையோடு கொல்கத்தா வந்து, டாலிகஞ்சில் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் குடியேறினாள். என் அப்பா மத்திய அரசு ஊழியர். நான் பத்தாவது முடித்த சமயம் அவரை விசாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள். படிப்பு பாதியில் கெடக் கூடாது என்று என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். ரயில் கிளம்பும்போது அம்மா, "பாத்துக்கடி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். சித்திக்குக் குழந்தைகள் இல்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டாள் என்பது, நான் காய்ச்சலில் படுத்த முதல் தடவையே தெரிந்துவிட்டது. டாக்டரிடம் "எங்கக்கா புள்ள, எங்கக்கா புள்ள" என்று தமிழிலேயே மன்றாடினாள். அவளுக்கு வங்காளம் வராது. காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவுக்கு இந்தி வரும். நானோ இந்த ஊரிலேயே பிறந்தவள். வங்காளம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். ஆகவே வெளியே போனால் அவளுக்கு வாய் நான்தான்.

சித்திக்கும் ரெடிமேட் கடைகளுக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற எதையும் அவளால் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. நின்றுவிடுவாள். தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, "இதுல என்னட்டி இருக்கு? நாலு மடிப்பு, ஒரு பட்டி. இதுக்குப் போயி இம்புட்டு வெல சொல்லுதான்" என்பாள். விலைதான் காரணம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சித்தப்பா கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடுவார். கடைக்காரன் தைத்ததைத் தன்னால் தைக்க முடியுமா முடியாதா என்று பார்த்துவிட வேண்டும், அதுதான் அவளுக்கு. எங்கும் போய்த் தையல் கற்றுக்கொண்டவள் இல்லை. வெளியார் யாருக்கும் ஒரு ரவிக்கைகூடத் தைத்துக் கொடுத்ததில்லை. சொந்தமாக ஒரு மாடல் யோசி என்றால் திணறிப் போவாள். கண்ணெதிரே ஒன்றைக் காட்டிவிட்டால் மட்டும் அவளுக்குச் சாமி வந்துவிடும். அது எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதே மாதிரி இன்னொன்றைத் தைத்து எனக்குப் போட்டுவிடும் வரை சோறு தண்ணி இறங்காது.

அதே மாதிரி என்றால் அச்சு அசல் அதே மாதிரி. இதற்கு எதிர் ஃப்ளாட்டுப் பௌதியும் ஒரு காரணம். பௌதி என்றால் அண்ணி. அக்கம்பக்கத்து மணமான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். துர்கா பூஜைக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாங்கிய புதுத்துணியையெல்லாம் கட்டிலில் பரப்பி அக்கம்பக்கத்தாருக்குக் காட்ட வேண்டும். யாருக்கு எத்தனை, எந்தக் கடை என்று விசாரணை நடக்கும். பௌதி நல்லவள்தான், ஆனால் வாயால் கேட்பதற்கு முன் விரல் போய்விடும், கழுத்துப் பக்கம் புரட்டி லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் "பா, சுந்தோர்!" என்று மெச்சுவாள். லேபிள் இல்லாவிட்டால், "ஓ, வீட்டில் தைத்ததா" என்று அன்பாக ஒரு இழுப்பு இழுப்பாள். இன்றைக்குக் கையால் தைத்தது என்று தனியாகச் சீட்டுக் கட்டி அதற்கு இரட்டை விலை வைக்கிறார்கள். அன்று எங்கள் வகுப்பில் வீட்டில் தைத்ததைப் போட்டுக்கொண்டு போனால் இளப்பம்தான். அந்த இழுப்பு சித்திக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அதிலிருந்து பழைய ரெடிமேட் சட்டை எதுவும் தரை துடைக்கப் போவதற்கு முன்னால், கழுத்து லேபிளைத் தையல் பிரித்து எடுத்து ஒரு நெய் டப்பாவில் போட்டுவைக்க ஆரம்பித்தாள். தைத்து முடித்ததும் கடைசி வேலையாக அதிலிருந்து ஒன்றை எடுத்து, பிள்ளைக்குப் பொட்டு வைப்பது மாதிரி, கழுத்தில் வைத்துத் தைப்பாள். பௌதி புரட்டிப் பார்த்து மெச்சும்போது சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். எங்கள் இருவருக்கும் அது பெரிய விளையாட்டு.

நான் பதினொன்றாவது படித்த அந்த மழைக்காலத்தில், பவானிபூரில் என் ட்யூஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெரிய கடையில், அந்த நீலக் குர்த்தாவைச் சித்தி பார்த்தாள். கடையின் பெயர் வேண்டாம். கருநீலப் பருத்தியில் வெள்ளையாய்ச் சின்னச் சின்ன இலைகள், மார்பில் மெல்லிய மடிப்புகள், மரப் பொத்தான்கள், கழுத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கும் பட்டைக் காலர். அந்தக் காலர்தான் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. என் அளவில் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னோடு ட்ரையல் ரூமுக்குள் நுழைந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து கம்பளி நூல் ஒன்றை எடுத்தாள். தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து அடிமடிப்பு என்று என் உடம்பின் மேலேயே அளந்து ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு கழற்றி உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலாக விரல் வைத்துப் பார்த்தாள். கடைப்பெண் வெளியே கதவைத் தட்டினாள். சித்தி நிதானமாக நூலை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, குர்த்தாவை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பெரிசா இருக்குன்னு சொல்லிருட்டி" என்றாள். நான் சொன்னேன்.

அடுத்த வாரமே கரியாஹாட் நடைபாதையில், கட் பீஸ் குவித்து விற்பவனிடம் அதே துணி கிடைத்துவிட்டது. ஆலையில் மிஞ்சியது அப்படித்தான் நடைபாதைக்கு வரும். சித்தி அதை உருவி எடுத்து, பேரம்கூடப் பேசாமல் காசை நீட்டினாள். அந்தக் குர்த்தாவுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலரை மட்டும் எத்தனையோ முறை பிரித்துத் தைத்தாள். எப்போதும் எனக்குத் தைக்கும்போது, வளர்கிற பிள்ளை என்று உள்ளே இரண்டு விரல் துணி மிச்சம் விட்டிருப்பாள்; அடுத்த வருடம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். இந்த முறை அதையும் விடவில்லை. உள்பக்கமும் கடைத்துணி மாதிரியே இருக்க வேண்டும் என்று, ஒட்ட வெட்டி, டாலிகஞ்ச் பஜாரில் மெஷின் வைத்திருந்தவரிடம் கொடுத்து விளிம்பெல்லாம் ஓவர்லாக் அடித்து வாங்கிவந்தாள். நெய் டப்பாவில் தேடி, அதே கடையின் லேபிளையே கண்டுபிடித்தாள். அம்மா எப்போதோ எனக்கு அங்கே வாங்கிய ஒரு சட்டையிலிருந்து பிரித்தது அது.

பூஜைக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை பிற்பகல். அந்த நீலக் குர்த்தாவைப் போட்டுக்கொண்டுதான் ட்யூஷனுக்குப் போக வேண்டும் என்று சித்தி காலையிலேயே சொல்லிவிட்டாள். முடிந்து வெளியே வந்தால் வாசலில் நிற்கிறாள். "வா, ஒரு நிமிசம் அந்தக் கடைக்குப் போவோம். பொம்ம பக்கத்துல ஒன்ன நிறுத்திப் பாக்கணும்" என்றாள். "எதுக்கு சித்தி?" என்றேன். "எதுக்காம்! ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான தெரியும்?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பரீட்சை எழுதியவள் ரிசல்ட் பார்க்கப் போகிற வேகம் அது.

கடையில் பூஜைக் கூட்டம் நெரிந்தது. அந்தக் குர்த்தாவைப் போட்ட பொம்மை படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றது. சித்தி என்னை அதன் அருகே நிறுத்திவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பொம்மையைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. பிறகு கிட்டே வந்து, பொம்மையின் காலரை ஒரு கையாலும் என் காலரை இன்னொரு கையாலும் புரட்டினாள். உள்ளே இருந்த லேபிள் வெளியே தெரிந்தது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த கடைப்பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"பில் கோத்தாய்?" என்று கேட்டாள். பில் எங்கே என்கிறாள் என்பது எனக்குப் புரிவதற்குள், அலமாரியில் அந்த மாடலை எண்ணத் தொடங்கிவிட்டாள். என் அளவில் ஒன்று குறைந்தது. வாசல் காவலாளி கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த மேனேஜர் வந்தார். நான் வங்காளத்தில் சொன்னேன், இது என் சித்தி வீட்டில் தைத்தது என்று. அவர் என் கழுத்து லேபிளைக் காட்டி, "இதுவுமா வீட்டில் தைத்தீர்கள்?" என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் திரும்பினார்கள். என் முகம் தீப்பிடித்தாற்போல எரிந்தது. கழற்றிக் கொடு, பார்க்க வேண்டும் என்றார்கள். கடைப்பெண் என் முழங்கையைப் பிடித்து ட்ரையல் ரூமுக்கு அழைத்துப் போனாள். பின்னால் சித்தி, "ஏ, புள்ளயத் தொடாத! என்ன சொல்லுதா இவ? எங்கட்டி கூட்டிட்டுப் போறா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கழற்றிக் கதவிடுக்கு வழியாக நீட்டினேன். கடைப்பெண்ணின் கை வாங்கிக்கொண்டது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு எனக்கு மிஞ்சியது கால்களும் குரல்களும்தான். அந்தக் குரல்களில் பாதி சித்திக்குப் புரியாது; எனக்கு எல்லாம் புரிந்தது, அதுதான் கொடுமை. "இதே இரண்டு பேர் முன்பு வந்தார்கள், வெகுநேரம் உள்ளே இருந்தார்கள், ஒன்றும் வாங்கவில்லை" என்று கடைப்பெண் சொன்னாள். அது உண்மை. "சின்னப் பெண்ணுக்கு உடுத்திவிட்டு நடத்திக் கூட்டிப் போவது, இது பழைய தந்திரம்" என்று இன்னொரு குரல். சித்தி ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மைனே பனாயா. மைனே பனாயா." நான் செய்தேன், நான் செய்தேன். அந்த நேரத்தில் அவள் வாயில் வந்த இந்தி அவ்வளவுதான். கதவுக்குள்ளிருந்து நான் கத்தி மொழிபெயர்த்தேன். துணி எங்கே வாங்கினீர்கள் என்றார் மேனேஜர். நடைபாதையில் என்றேன். நடைபாதையில் யார் பில் கொடுக்கிறார்கள்?

பொம்மை மேல் இருந்த குர்த்தாவைக் கழற்றி எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் மேஜையில் விரித்து உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள் என்பது ஓசையில் தெரிந்தது. உள்ளே அந்த இரண்டு விரல் மிச்சத் துணி இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். எந்தக் கடைக்காரனும் அப்படி விடமாட்டான். அந்த ஒரு தடவைதான் சித்தி அதை விடாமல் தைத்திருந்தாள். மேனேஜர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏக்கி ஜினிஷ்."

வெளியே சித்தி கேட்டாள், "ஏக்கின்னா ஒண்ணுன்னுதானட்டி?"

"ஆமா சித்தி. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றார்."

நீல ரப்பர் செருப்பு கொஞ்ச நேரம் அசையவில்லை. இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவள் வந்தாள். எந்த நிலையில் கேட்கிறாள் பாருங்கள் என்று எனக்கு அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. அவள் மேல்தான். எதற்காக இந்த லேபிள், எதற்காக இந்தப் பொம்மை!

மேனேஜர் என் பெற்றோரின் போன் நம்பரைக் கேட்டார். கொடுக்காவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும், பள்ளிக்கூடப் பெயரையும் சொல் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நான் அதைத் தமிழில் சொன்னதும், சித்தியின் செருப்பு கதவுக்குக் கிட்டே வந்தது. கதவோடு வாய் வைத்துப் பேசினாள். மூச்சு இரைப்பது கேட்டது.

"எங்கக்காவுக்குப் போன் போகக் கூடாதுட்டி. பள்ளிக்கொடத்துப் பேரும் சொல்லாத. நாஞ் சொல்லுதத அவன்ட்ட சொல்லு. சித்திதான் எடுத்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. எம் பேர எழுதிக்கிடட்டும். ஒன்ன விட்ருவான்."

ட்ரையல் ரூம் கண்ணாடியில், பையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வெளியே மேனேஜர், "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"சொல்லுட்டி!"

"சொல்ல மாட்டேன்."

"கோட்டி மாதிரிப் பண்ணாத. சொல்லு!"

"நீதான தச்ச? நீ தச்சத நீ திருடினேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" கத்தினேன். "வேற எதாச்சும் காட்டு சித்தி. எங்கயாச்சும் ஒரு எடத்துல கடை மாதிரி இல்லாம இருக்கும்ல? யோசி!"

செருப்பு கதவை விட்டு விலகியது. மேஜைப் பக்கம் போனது. சித்தி இந்தியில் ஒரே ஒரு சொல் சொன்னாள்: "கெஞ்ச்சி."

கத்தரிக்கோல் கேட்கிறாள். கறுப்பு ஷூ சட்டென்று பின்வாங்கியது. கடைப்பெண், கொடுக்காதீர்கள், ஏதாவது செய்துகொள்வாள் என்றாள். எனக்கும் ஒரு கணம் அந்தப் பயம் வந்தது. "சித்தி!" என்றேன். "சும்மா இருட்டி" என்றாள். யாரோ கத்தரியை மேஜையில் வைக்கும் சத்தம். பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்த ஓசை ஒன்று. டாலிகஞ்ச் வீட்டில் எத்தனையோ பிற்பகல்களில் கேட்டது. தையல் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் ஓசை. அவள் தைத்ததிலேயே ஆக நேர்த்தியான அந்தக் காலரை, எல்லோர் முன்னாலும், அவளே பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டா கீ?" என்றார் மேனேஜர். இது என்ன?

கதவுக்குக் கீழ் இடைவெளி வழியாகச் சித்தியின் கை உள்ளே வந்தது. வாய் பிளந்த காலரோடு என் குர்த்தா. காலர் விறைப்பாக நிற்பதற்குக் கடைக்காரர்கள் உள்ளே வெள்ளையாய்க் கெட்டித்துணி வைப்பார்கள். சித்தி வைத்திருந்தது மஞ்சளாய் இருந்தது. அதில் சிவப்பில் அச்சடித்த தமிழ் எழுத்துகள், மேலும் கீழும் வெட்டுப்பட்டு. "என்ன எழுதிருக்குன்னு அவன்ட்ட வாசிச்சுச் சொல்லு" என்றாள் சித்தி.

நான் எழுத்துக் கூட்டினேன். "இல்... லத்... திரும..." அதற்கு மேல் காலர் வளைந்துவிட்டது. இன்னொரு ஓரத்தில் சித்தியின் பெயரில் பாதி. கீழே சித்தப்பாவின் பெயரில் முதலெழுத்து. எனக்குப் புரிந்தது. அவர்கள் கல்யாணத் தாம்பூலப் பை. வந்தவர்களுக்குத் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்க அடித்தது மிஞ்சிப்போய், மிஞ்சியதையெல்லாம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் தயிர் வடிகட்டுவது, மாவு சலிப்பது, தலையணைக்குள் அடைப்பது எல்லாம் அந்தப் பைதான். காலருக்குள்ளும் அது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று வங்காளத்தில் சொன்னேன்: இது தமிழ் எழுத்து, எங்கள் சித்தியின் கல்யாணத்துக்கு அச்சடித்த பை, இதில் அவர்கள் இருவரின் பெயர் இருக்கிறது.

கடைப்பெண் சிரித்துவிட்டாள். கல்யாணப் பையைக் காலருக்குள் வைத்துத் தைத்திருக்கிறாள் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், அவளும் சிரித்தாள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். பயம் விட்டுப்போன சிரிப்புதான். ஆனால் சித்தியின் கால்விரல்கள் செருப்புக்குள் சுருண்டுகொண்டதை நான் பார்த்தேன். போலீஸ் என்றபோதுகூட அவை அப்படிச் சுருளவில்லை. வெளியே அவ்வளவு மினுக்காக ஒன்றைத் தைத்துவிட்டு உள்ளே பழைய பையை வைத்திருந்தது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதே, அதுதான் அவளைக் கொன்றது. முதலிலேயே இதைக் காட்டியிருக்கலாம். திருடி என்ற பெயரை வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தவள், இதைக் காட்டக் கடைசிவரை தயங்கினாள். எனக்காகத்தான் காட்டினாள்.

நான் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மேனேஜரின் முகம் மாறியிருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. "பூஜை சமயம், நிறையக் காணாமல் போகிறது" என்று மட்டும் சொன்னார். காவலாளி விலகி நின்றார். நாங்கள் நகர்ந்தபோது மேனேஜர் மெல்ல அழைத்து, "தீதி, அந்த லேபிள் எங்களுடையது, அதை வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அது உண்மையாகவே அவர்களுடையதுதான். நான் தமிழில் சொன்னேன். சித்தி என்னைத் திருப்பி நிறுத்தி, என் பின்கழுத்தில் குனிந்து, கத்தரி முனையால் அந்தக் குட்டித் துண்டைப் பிரித்தெடுத்தாள். அவள் விரல் பட்ட இடம் ஜில்லென்று இருந்தது. லேபிளை மேஜையில் வைத்தாள். கத்தரியை அதன் பக்கத்தில் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

மெட்ரோவுக்கு நடந்தோம். சாலையில் பந்தல் மூங்கில்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கி சோதித்துக்கொண்டிருந்தார்கள், எல்லோர் கையிலும் புதுத்துணிப் பைகள். என் காலர் வாயைத் திறந்துகொண்டு மஞ்சளைக் காட்டியது. வண்டியில் உட்கார இடமில்லை. சித்தி என் பின்னால் நின்று, கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் என் கழுத்துக் காலரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் என் மேல் வந்து மோதினாள். கையை மட்டும் எடுக்கவில்லை. நான் இறுக்கமாக நின்றேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் என்ன சொல்வாள், சித்தப்பா என்ன சொல்வார், இனி வீட்டுத் தையல் மெஷினைத் தொடுவாளா என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இனித் தொடவே மாட்டாள் என்றுதான் தோன்றியது. அது எனக்குத் தாங்கவில்லை. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

டாலிகஞ்ச் நெருங்கும்போது, என் காதுக்குப் பின்னால் சித்தியின் குரல் கேட்டது. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தமிழிலேயே தாழ்த்திச் சொன்னாள்.

"ஒண்ணு கவனிச்சியாட்டி? அந்தப் பொம்ம போட்டிருந்ததுல, வலது தோளு எறங்கிக் கெடந்துது. ஒனக்குத்தான் நச்சுன்னு நின்னுது."

அந்தக் கதவுக்குப் பின்னால் அழாத நான் அப்போது அழுதேன். கூட்டத்தில் எல்லோரும் பார்க்க, விக்கி விக்கி அழுதேன். பயத்தில்தான் அழுகிறேன் என்று சித்தி நினைத்துவிட்டாள். காலரைப் பிடித்திருந்த கையால் என் கன்னத்தைத் துடைத்தாள். "சீ, இதுக்குப் போயி அழுவாகளா? காலருதான. வீட்டுக்குப் போன ஒடனே தச்சிரலாம்" என்றாள்.